கோளாறு காரிலா, சுவரிலா?

மின்சாரக் கார் வைத்திருக்கும் மலையக வியாபாரிகளிடமிருந்து அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. சில நாள் சார்ஜ் ஏறுகிறது, சில நாள் ஏறுவதில்லை. இரவில் பிளக்கைச் செருகிவிட்டுப் படுத்தால், சுபஹுக்கு எழும்பிப் பார்க்கும்போது பாதியில் நின்றிருக்கிறது. கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் நாளில் இப்படி நடந்தால் அன்றைய வியாபாரமே போய்விடும்.

உடனே காரைக் கராஜுக்குக் கொண்டுபோகிறோம். அங்கே சார்ஜ் அழகாக ஏறுகிறது. "ஒரு கோளாறும் இல்லை" என்கிறார்கள். அல்லது எதற்கும் ஒரு பாகத்தை மாற்றிப் பார்ப்போம் என்று பெரிய பில்லை நீட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். ஒரே கார், ஒரே கேபள். ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் மறுக்கிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது காரையா, சுவரையா? சுவரைத்தான் என்பது எனது உறுதியான கருத்து.

2014, 2015 ஆம் ஆண்டுகளில் வரிச் சலுகை இருந்தபோது, ஜப்பானில் பாவித்த நிசான் லீப் கார்கள் நம் நாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று பழைய காரும் புதிய காரும் மலையேறி நிற்கின்றன. ஆனால் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் நம் கடைகளின் வயரிங் பல இடங்களில் பாட்டன் காலத்தது. மின்குமிழுக்கும் வானொலிக்கும் இழுத்த வயர் அது.

கேத்தல் ஐந்து நிமிடம் மின்சாரம் எடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கார் அப்படியல்ல. 24 கிலோவாட் மணி பெட்டரியுள்ள பழைய லீப் காரை 10 ஆம்பியரில் முழுமையாக ஏற்றப் பதினொரு, பன்னிரண்டு மணித்தியாலம் பிடிக்கும். அத்தனை நேரமும் அந்தப் பிளக் பொயின்ட் சுமை தூக்கி நிற்க வேண்டும். அதற்குள் ஒரு திருகாணி தளர்ந்து அரை ஓம் தடை உண்டாகியிருந்தால், 10 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 50 வாட் சூடு பிறக்கும். ஐம்பது வாட் குமிழொன்றைச் சுவருக்குள் புதைத்து விடிய விடிய எரிய விட்டதற்குச் சமம் அது. மேலே பலகைத் தட்டு, அதில் சரக்கு, அதற்கும் மேலே பிள்ளைகள் உறங்கும் வீடு. இது வெறும் சார்ஜ் பிரச்சினை அல்ல என்பதை உணர வேண்டும்.

ஆகவே பணத்தை வெளியே எடுக்குமுன் ஒரு கொப்பியை எடுங்கள். கடைக்குக் கணக்கெழுதுவது போல, சார்ஜ் நின்ற நாள், நேரம், எந்தப் பொயின்ட், மழையா வெயிலா என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். காரணம் பெரும்பாலும் அந்தப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

மாலை 6.30 க்கும் இரவு 10.30 க்கும் இடையில் நின்று, நள்ளிரவுக்குப் பின் நன்றாக ஏறினால் அழுத்தம் குறைகிறது என்று பொருள். ஊரே விளக்கேற்றிச் சமைக்கும் நேரம் அது. 230 வோல்ட் என்பது 6 வீதம் கூடிக் குறையலாம், அதாவது சுமார் 216 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் பிரதேச மின் அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்த நீர்மின் யோசனை, 1950 இல் நமது லக்ஸபானவிலேயே ஒளியாகியது. ஆயினும் மின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் பயனில்லை. தோட்டத்துக் கடைசிக் கம்பத்தில் நம் கடை இருந்தால், அங்கே வந்து சேர்வது மிச்சம்தான்.

தொடங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் நின்று, பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா? பொயின்ட்டில் தொடர்பு தளர்ந்துள்ளது. அதைத் திரும்பப் பாவிக்காதீர்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் மட்டும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? எங்கோ ஈரம் புகுந்து மின் கசிகிறது. மாறாக, வெயில் காலத்தில் மட்டும் சார்ஜ் மறுக்கிறதா? எர்த் கம்பியைப் பாருங்கள். பாறை நிலத்தில் மண் காய்ந்ததும் எர்த் பலவீனமாகிவிடும். அதைக் கண்டறியும் கேபள்கள் மின்சாரத்தைத் திறக்க மாட்டா.

இவை எதுவும் பொருந்தாமல், எல்லா இடத்திலும் நின்றால்தான் காருக்கு வர வேண்டும். முதலில் காரின் சார்ஜ் நேர ஒழுங்கை யாரும் மாற்றி வைத்தார்களா என்று பாருங்கள். பிறகு வேறொரு கேபளைப் போட்டுப் பாருங்கள். பிறகு 12 வோல்ட் சிறிய பெட்டரி. அது தளர்ந்தால் பெரிய பெட்டரி நன்றாக இருந்தும் சார்ஜ் தொடங்காமல் போகலாம். நுவரெலியாக் குளிர் அதற்குப் பகை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று ஒருபோதும் தெரியாது.

ஒரு விடயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியுள்ளது. எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துக் கேபளை ஏமாற்றித் தரும் வயர்மேன்களும் உண்டு. சார்ஜ் ஏறும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாள் காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால், காரின் உடம்பெல்லாம் மின்சாரம் பாயும். ஈர நிலத்தில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுவது நம் பிள்ளையாக இருக்கலாம். நூறு ரூபாய் வேலைக்கு ஓர் உயிரை ஈடு வைப்பது அறிவாகாது.

காருக்கென்று பிரதான பலகையிலிருந்து தனி வயர் இழுங்கள். குறைந்தது 7/0.67, தூரம் கூடினால் 7/0.85. தனி ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த், தரமான பொயின்ட். தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு செய்து, எர்த்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் கார் சார்ஜ் செய்யும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கார் வாங்க இலட்சங்களை எண்ணும் நாம் சுவருக்குச் சில ஆயிரங்களைக் கணக்குப் பார்ப்பது என்ன வியாபாரம்?

இறுதியாக, விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விட்டுவிட்டு வரும் கோளாறு மறைப்பதற்கு வசதியானது. வாங்க வந்தவர் பார்க்கும் நேரத்தில் சார்ஜ் ஏறினால் போதும், கை மாறிவிடும். ஆனால் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை வெளியே காட்டிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததுமான சரக்கை அவர்கள் ஏற்கவில்லை. காரை விற்கும்போது அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். விலையில் கொஞ்சம் குறையலாம். பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.