டீ மெஷினை யார் கழுவுவது?

எங்கள் அலுவலகத்துக்கு டீ மெஷின் வாங்குவது என்று முடிவானதும் எதை வாங்குவது என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆலுவாவில் இருக்கும் அந்தச் சின்ன மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் தமிழ்ப் பிரதிகளைப் பார்ப்பவன் நான் ஒருவன்தான். தமிழனுக்குக் காபி தெரியும் என்பது என் மலையாள நண்பர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. தமிழில் எம்.ஏ. முடித்ததற்கு இப்படியும் ஒரு பயன்.

நாங்கள் 14 பேர். காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து கம்பிக் கூடையில் கண்ணாடி கிளாஸ்கள் வரும். கொண்டுவருபவர் செங்கோட்டைப் பக்கத்துக்காரர். மற்றவர்களுக்கு அவர் சேட்டன், எனக்கு அண்ணாச்சி. யாருக்கு லைட், யாருக்கு ‘கடுப்பம்’ (ஸ்ட்ராங்குக்கு இங்கே அதுதான் பெயர்), யாருக்குச் சர்க்கரை இல்லாத ‘வித்தவுட்’ என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

பக்கத்து ஏலூரில் ‘ஃபாக்ட்’ உரத் தொழிற்சாலை இருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் இந்தக் கேள்வியே எழாது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்கச் சொல்லி மாநில அரசு விதி செய்யலாம் என்றது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2020-ம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. 14 பேருக்கு எந்தச் சட்டமும் டீ போட்டுத் தராது.

ஒரே வாரத்தில் மூன்று விற்பனைப் பிரதிநிதிகள் வந்தார்கள். மூவரும் டை கட்டியிருந்தார்கள். ஆலுவா வெயிலில் அதற்கே ஒரு டீ கொடுக்கலாம். முதலாமவர் மெஷினை இலவசமாகவே தருவதாகச் சொன்னார். மாதம் இத்தனை கிலோ பொடியை அவரிடமே வாங்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் குடிக்கும் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பொடியைத் தீர்க்க வேண்டுமானால் ஆளுக்கு ஏழு டீ குடித்துவிட்டு ராத்திரி விழித்திருக்க வேண்டும்.

பொடிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முதலில் சர்க்கரை, அடுத்து பால் பவுடர், அதன் பிறகுதான் தேயிலைச் சாறு. டீ மெஷின் என்று நாம் அழைப்பது டீ போடும் மெஷின் அல்ல, கரைக்கும் மெஷின். அதில் கொதிப்பது தண்ணீர் மட்டும். சர்க்கரை ஏற்கனவே கலந்திருப்பதால் எங்கள் அலுவலகத்தின் இரண்டு ‘வித்தவுட்’காரர்களுக்கு அதில் இடமே இல்லை.

இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. 1947-ல் இருந்து தேயிலை ஏலம் நடக்கும் ஊர் கொச்சி. மட்டாஞ்சேரியின் பழைய கிட்டங்கிகளைக் கடந்து போகும்போது மிளகும் சுக்கும் தேயிலையும் சேர்ந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். இந்த ஏலத்தில் பெரிதாகக் கைமாறுவது ‘டஸ்ட்’ எனப்படும் தூள். சீக்கிரம் சாறு இறங்கும், கடுப்பமாக இருக்கும், தென்னிந்திய நாக்குக்கு ஏற்றது. அதை வாசலில் வைத்துக்கொண்டு நாங்கள் பாக்கெட் பொடிக்கு விலை பேசிக்கொண்டிருந்தோம்.

மெஷின் என்றாலே புதுமை என்று நினைத்துவிடவும் வேண்டாம். கேரளத்து டீக்கடைகளில் ‘சமாவர்’ என்று ஒரு செம்புப் பாத்திரம் உண்டு. ரஷ்ய மொழியில் சமோவார் என்றால் ‘தானே கொதிப்பது’. உள்ளே ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். தண்ணீர் கொதித்தால் அது கலகலவென்று சத்தம் போடும். வெண்டிங் மெஷினுக்கு நாங்கள் தமிழில் ‘தானியங்கி’ என்று எழுதுகிறோம். இரண்டு பெயரும் பொய்தான். எதுவும் தானே கொதிப்பதில்லை, தானே இயங்குவதுமில்லை.

இது எனக்கு உறைத்தது அண்ணாச்சியால். மெஷின் வரப்போகிறது என்று தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை.

“இருபத்தெட்டு டீ குறையும், அவ்வளவுதான் சார். மழையில ரோட்டத் தாண்ட வேண்டாம்” என்றார். பிறகு, “பால் ஓடுற குழாய யாரு சார் கழுவுவா? நாங்க தினம் சமாவர் கழுவுறோம், வடிகட்டித் துணிய அலசுறோம். இல்லன்னா மறுநாளே நாறிப் போவும்” என்றார்.

பிரதிநிதிகளிடம் கேட்டேன். பட்டனை அழுத்தினால் வெந்நீர் ஓடித் தானே அலசிக்கொள்ளும் என்றார்கள். மூன்றாமவர் மட்டும் உண்மையைச் சொன்னார். பொடி கலக்கும் கிண்ணத்தையும் குழாயையும் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். சொட்டுத் தட்டைக் கொட்ட வேண்டும். பொடி அறையில் ஈரம் சேராமல் துடைக்க வேண்டும். பேப்பர் கப் வைத்துக்கொள்ளலாம் என்றால், கேரளத்தில் 2020 ஜனவரி முதல் வந்த தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருந்தது. ஆகவே கிளாஸ்களையும் கழுவ வேண்டும்.

“அதையெல்லாம் சேச்சி பார்த்துக்கொள்வார்” என்றார் மேனேஜர். காலை ஏழு மணிக்கு வந்து பெருக்கித் துடைத்துவிட்டு எட்டு மணிக்கு அடுத்த வீட்டுக்கு ஓடும் பெண்மணியைத்தான் சொன்னார். மெஷினால் ஆள் செலவு மிச்சம் என்று காட்டிய கணக்கில் அவருடைய அரை மணி நேரம் எங்குமே இல்லை. டீக்கடைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையை, இருப்பவர்களிலேயே குறைந்த சம்பளம் வாங்குபவரின் தலையில் கூலியில்லாமல் ஏற்றப் பார்த்தோம். சேச்சி என்னைப் போலச் சுற்றி வளைக்கவில்லை. “அதற்கு எவ்வளவு கூட்டித் தருவீர்கள்?” என்று நேராகவே கேட்டார்.

மூன்றாமவரின் மெஷினையே எடுத்தோம். டீ, பால், சர்க்கரை மூன்றுக்கும் தனித்தனி அறை. குறைந்தபட்சக் கொள்முதல் என்ற கண்ணி இல்லை. மூன்று மாத வாடகை. சேச்சிக்கு அரை மணி நேரச் சம்பளம் கூடியது. மாலை நான்கு மணி டீ அண்ணாச்சியிடமே என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வித்தவுட்காரர்கள் இருவரும் ஆதரித்தார்கள். இத்தனைக்கும் பிறகு மிச்சம் என்ன என்று மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அதை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார்.

ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது வாரமே பால் பவுடர் ஈரம் கோத்துக் கட்டியாகி, மெஷின் வெறும் செந்தண்ணீரைத் துப்பியது. சர்வீஸ் ஆள் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பதினொரு மணி டீக்கும் அண்ணாச்சிக்கே போன் செய்தோம். குடையை ஒரு கையிலும் கம்பிக் கூடையை மறு கையிலுமாக வந்தார். மெஷினை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.