முல்லையினும் மருதம் உயர்ந்ததா?

ஐந்திணை கற்பிக்கும் நம் வகுப்பறைகளில் ஒரு பிழை வேரூன்றிவிட்டது. குறிஞ்சியில் வேட்டையாடிய மாந்தன் முல்லைக்கு இறங்கி ஆநிரை மேய்த்தான்; பின்னர் மருதத்தில் உழவனாகி நாகரிகம் எய்தினான் என ஏணி வைத்துப் பாடஞ் சொல்கிறோம். திணைகள் நிலத்தின் கூறுபாடுகள், படிக்கட்டுகள் அல்ல. இப்பிழை தேர்வுத்தாளோடு முடிவதாயின் பொறுத்துக்கொள்ளலாம். முடிவதில்லையே!

கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்களைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவன், அம்மேய்ப்பர்களைச் சிறு நில உழவராக்கி முன்னேற்றவேண்டும் என ஐயமின்றி முடிக்கிறான். வேறு எவ்வாறு முடிப்பான்? ஏணியைக் கொடுத்தவர் நாமல்லவா?

கென்யாவிலும் தான்சானியாவிலும் மசாய் நிலம் பெரும்பாலும் வறண்ட புல்வெளி. மழை ஓராண்டு இங்கும் மற்றோராண்டு அங்குமாகப் பெய்யும். மழையைத் தொடர்ந்து நடக்கும் மாடு பிழைக்கும். நட்ட இடத்தில் நிற்கும் மக்காச்சோளம் கருகும். அலைந்து மேய்த்தல் அறியாமையன்று. நிலத்தை அறிந்தமையின் பயன். அந்நிலமும் அவர்களிடம் விடப்படவில்லை. 1904, 1911 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் கென்ய மசாய்களின் வளமான மேய்ச்சல் நிலம் வெள்ளைக் குடியேறிகளின் கைக்குப் போயிற்று. தான்சானியாவிலோ, 1959இல் செரெங்கெட்டியிலிருந்து அகற்றப்பட்டோர்க்கு இங்கோரோங்கோரோ வாழிடமாயிற்று. அங்கே 1975இல் பயிர்செய்கை தடுக்கப்பட்டது. 1992இல் இசைவு கிடைத்தது. 2009இல் மீண்டும் தடை வந்தது. உழவராகுக என்று உபதேசிக்கும் உலகமே மண்வெட்டியையும் பிடுங்கிக்கொண்டது!

மசாய்க் குடும்பங்கள் சில தாமே விரும்பி மக்காச்சோளமும் அவரையும் பயிரிடுகின்றன. அதனை மறுப்பாரில்லை. மந்தையை ஒழித்தே உழவு தொடங்கவேண்டும் என்னும் கூற்றையே மறுக்கிறோம். இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவர். புழுக்கையும் நீரும் வயலுக்கு எருவாகும். தாளடிப் புல் மந்தைக்கு உணவாகும். கிடைக்கூலி கீதாரிக்குச் சேரும். இங்கு முல்லை மருதத்தை வளர்க்கிறதேயன்றி அதற்குக் கீழ்ப்படியாக நிற்கவில்லை.

உழவனானால் நிலம் நிலைக்கும் என்போர் சிங்கப்பூரின் கிராஞ்சிக்கு வருக. இங்குப் பண்ணை நிலம் குத்தகை நிலமே. கிராஞ்சி ஊர்ப்புறத்தைச் சேர்ந்த லிம் சூ காங்கின் 62 பண்ணைகள் இராணுவப் பயிற்சிக்கு இடம்விட வேண்டுமென 2014இல் அறிவிக்கப்பட்டது. கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டதாயினும் முடிவு மாறவில்லை. நாட்டின் பாதுகாப்புத் தேவையை நான் எள்ளவில்லை. ஏரைப் பிடித்த மாத்திரத்தில் எவனும் அசையாதவனாகிவிடுவதில்லை என்றே சொல்கிறேன். மேய்ப்பரின் கதியைக் காணத் தேக்கா போதும். கண்டாங் கெர்பாவ் என்பது மலாய்மொழியில் எருமைத் தொழுவம். தொழுவங்கள் மறைந்தன; பஃபலோ சாலை என்னும் பெயர்ப்பலகை நிற்கிறது. பொங்கல்தோறும் லிட்டில் இந்தியாவிற் காட்சிக்கு நிற்கும் மாட்டை நம் பிள்ளைகள் தொட்டு மகிழ்கின்றனர். மாட்டை மேய்ப்பவன் மட்டும் அவர்கள் பாடத்தில் இன்னும் 'முன்னேறாதவன்'.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரியதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. தமிழாசிரியர்கள் அதனை முன்னிட்டு ஒரு கட்டுரைத் தலைப்பையேனும் மாற்றலாம். 'மசாய்களை உழவராக்குவது எவ்வாறு?' என்பதை அடித்துவிட்டு, 'மசாய்களின் புல்வெளி எவர் கையிற் போயிற்று?' என்று எழுதிப் போடுங்கள்.