உல்லாசப் பயணமும் ஒரு திரைப்படமும்

விடுமுறை என்றதும் கடல் கடந்து செல்லும் வழக்கம் ஊவா வாழ் தமிழரிடையே இன்று பெருகியிருக்கின்றது. எம் முன்னோர் விழாக் காலத்தில் கதிர்காமம் சென்று மீள்வர். வசதி படைத்தோர் தலைமன்னாரிலே கப்பலேறி, இராமேசுவரம், மதுரை எனத் தல யாத்திரை செய்து திரும்புவர். அக்கப்பற் போக்குவரத்து 1984ஆம் ஆண்டிலே நின்று போயிற்று. இன்றோ கொழும்பில் வானூர்தி ஏறினால் ஒரு மணி நேர அளவில் தமிழ்நாட்டில் இறங்கலாம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை முதலிய ஊர்களிலுள்ள நம் பழைய மாணவர் பலரும் குடும்பத்தோடு சென்று, உதகமண்டலம், குன்னூர், மூணாறு, வால்பாறை ஆகிய மலை நகரங்களைக் கண்டு களித்து வருகின்றனர். இதனைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. உழைத்தவன் ஓய்வு கொள்வதும் உலகம் காண்பதும் நன்றே.

ஆயினும் இப்பயணங்களிலே ஒரு வியப்பு உண்டு. தேயிலைச் செடிகளிடையே பிறந்து வளர்ந்த நம்மவர், பெரும் பொருள் செலவிட்டுச் சென்று காண்பதும் தேயிலைச் செடிகளையே! ஆழியாற்றை அடுத்து நாற்பது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வால்பாறையை அடைகின்றனர். பச்சைச் சரிவுகளின் முன்னே நின்று நிழற்படம் எடுக்கின்றனர். சற்றுக் கீழே வரிசையாக நிற்கும் லயன்கள் அப்படத்தில் விழுவதில்லை. எல்லையிலும் தெமோதரையிலும் புகையிரதத்தினின்று இறங்கும் வெளிநாட்டார், 1921ஆம் ஆண்டிற் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தையும், கூடை சுமந்த நம் பெண்களையும் படம் பிடித்துக்கொண்டு போகும்போது, ‘இவர்கள் எம்மை என்ன கண்டார்கள்?’ என்று கேட்பவர் நாம். அக்கேள்வியை வால்பாறைத் தொழிலாளியும் நம்மவரை நோக்கிக் கேட்கலாமன்றோ?

வால்பாறை மலையின் பழங்கதையை நம்மவருள் பெரும்பாலோர்க்கு அறிவித்தது, 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த ‘பரதேசி’ என்னும் திரைப்படமே. பாலா இயக்கிய அப்படத்திற்கு அடிப்படையாய் நின்ற நூலைப் படித்தவர் சிலரே. அந்நூலை நெஞ்சிற் போற்றி வந்தோர்க்கு அப்படம் அளித்த ஏமாற்றத்தைப் பற்றிச் சில கூறுதல் இம்மலரின் வாசகர்க்குப் பயன்படும் என எண்ணுகின்றோம். உல்லாசப் பயணத்துக்கும் அத்திரைப்படத்துக்கும் உள்ள குறை ஒன்றே என்பது எமது துணிபு.

நூலின் வரலாறு முதலில் அறியத்தக்கது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் மருத்துவராய் இருந்தவர் பி. எச். டேனியல். தொழிலாளர்க்குச் சங்கம் அமைப்பதிலும் அவர் முன்னின்றார். தாம் பணியேற்பதற்கு முற்பட்ட காலத்துத் தோட்ட வாழ்வை அவர் ‘ரெட் டீ’ என்னும் பெயரில் ஆங்கில நாவலாக எழுதினார். 1969இல் வெளியான அந்நூல் பல்லாண்டு தமிழர் கவனத்துக்கு எட்டாமலே கிடந்தது. இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என மொழிபெயர்த்து 2007இல் வெளியிட்ட பின்னரே அது தமிழ் வாசகரின் உடைமையாயிற்று.

ஊவாவில் அதனைப் படிப்பவர்க்கு ஒரு பக்கமும் அந்நியமாய்த் தோன்றாது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட சிற்றூரிலிருந்து கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் ஒரு மேஸ்திரியின் முன்பணத்துக்கும் இன்சொல்லுக்கும் ஆட்பட்டு மலையேறுகின்றனர். மேஸ்திரி என்ற இடத்திற் கங்காணி என்று வாசித்தால் அது எம் பாட்டன் பாட்டியர் கதையேயாகும். முன்பணம் கடனாகிறது, கடன் கணக்காகிறது, அக்கணக்கு ஒருபோதும் தீர்வதில்லை. இலங்கையிலும் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லும் தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி, ஆளையே கைமாற்றிய ‘துண்டு’ முறை இருந்தது. அது 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

திரைப்படத்துக்குரிய புகழை மறுக்கமாட்டோம். ஊரை விட்டு மக்கள் கூட்டமாய் நடந்து செல்லும் காட்சியும், வழியில் நோயுற்று வீழ்ந்தவனை விட்டுச் செல்லும் காட்சியும் எளிதில் மறக்கக் கூடியன அல்ல. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியிலே மாண்டவரின் வழித்தோன்றல்களாகிய நாம் அக்காட்சிகளைக் கண்டு கலங்கியது இயல்பே. செழியனின் ஒளிப்பதிவு சிறந்தது. ஆடையமைப்புக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது தகுதியானதே.

எனினும் குறைகள் பெரியன. முதலாவது, கதை 1939ஆம் ஆண்டிற்கு மாற்றப்பட்டுச் சாலூர் என்னும் ஊரிலே தொடங்குகின்றது. படத்தின் பெரும்பகுதி கதாநாயகனின் கோமாளித்தனத்திலும் காதலிலும் கழிகின்றது. தேயிலைத் தோட்டம் வந்து சேரும்போது பொழுது மிகச் சென்றுவிடுகின்றது. இரண்டாவது, நூலிற் கணவனும் மனைவியும் ஒன்றாய் மலையேறி, ஒன்றாய் அத்துன்பத்தை ஆராய்கின்றனர். படத்திலோ அவன் தனியே போகின்றான். அவள் முடிவிலே வந்து சேர்கின்றாள். இருவரும் சேர்ந்து எண்ணிப் பேசும் வாழ்வு அங்கே இல்லை; அழுகையே எஞ்சுகின்றது. அழுகை பொய்யென்று கூறவில்லை. தோட்டத்து மக்கள் அழுததோடு நில்லாது, எண்ணினர், நகைத்தனர், துரையின் கணக்கைத் தம்முள் ஐயுற்றுப் பேசினர், பின்னர்ச் சங்கமும் கண்டனர். அவ்வறிவை நீக்கிவிட்டுக் கண்ணீரை மாத்திரம் காட்டினால், பார்ப்பவர்க்கு இரக்கம் பிறக்கும், மதிப்புப் பிறவாது.

மூன்றாவது குறையே மிகப் பெரிது. நூலில் வரும் டாக்டர் ஆபிரகாம், மனச்சாட்சி உடைய இளம் மருத்துவர். தொழிலாளரை மனிதராய் மதித்து நோய் தீர்க்க முயல்பவர். நூலாசிரியரின் சாயலே அவரிடம் உண்டு எனலாம். திரைப்படம் அம்மருத்துவரின் இடத்தில், நோயாளரை மறந்து ஆடிப் பாடி மதம் பரப்பும் ஒரு கேலி உருவை நிறுத்தியது. இந்துக் கல்லூரியொன்றின் மலரில் இதனை எழுதும்போது எமது நிலையைத் தெளிவாய்க் கூறுதல் கடன். மதமாற்றம் பற்றி நம்மவர்க்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றை வாதிக்க வேறு மேடை உண்டு. ஆனால் ஒருவர் தம் வாழ்நாளை ஏழைத் தொழிலாளர்க்குச் செலவிட்டு, அவர் கதையையும் எழுதி வைத்துச் செல்ல, அவர் எழுதிய நல்லவனை அவர் நூலைக் கொண்டே இழிவுபடுத்துவது அறமாகாது. உண்மை பேசுக என்று நமக்குக் கற்பித்த ஆசிரியர்கள் அதற்கு மத வரம்பு வகுக்கவில்லை.

இனி, பயணத்துக்கு வருவோம். நூலிலிருந்து படம் எதை விட்டதோ, மலையிலிருந்து உல்லாசப் பயணியும் அதையே விட்டுவிடுகின்றான். இருவரும் காட்சியை எடுத்துக்கொண்டு மனிதரை விட்டுவிடுகின்றனர். நம்மவரைப் பொறுத்தவரை இவ்விழப்பு இருமடங்காகும். அங்கே விடப்படும் மனிதருள் பலர் நம் உறவினரே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாய்ப் பிரித்துக்கொண்டன. அவ்வாறு சென்றோர்க்கென 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைப் பயிர்த் திட்டம் தொடங்கியது. அதுவே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், வால்பாறை ஆகிய இடங்களில் அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர். இங்கே இந்தியர் எனப்பட்டவர் அங்கே சிலோன்காரர் எனப்பட்டனர். பரதேசி என்னும் பெயர் எம்மவர்க்குப் புதிதன்று!

உதகையில் ஏரியும் பூங்காவும் கண்டு திரும்பும் நம் பயணி, பதுளையை விட்டுப் போன பெரியப்பன் குடும்பம் சில மணி நேரத் தொலைவில் வாழ்வதை அறியாமலே வருவதுண்டு. முதலிற் கடிதம் நின்றது. பின்பு முகவரி மறைந்தது. இப்போது பெயரும் மறைந்து வருகின்றது.

இதற்கு மாற்று நம் மண்ணிலேயே இருக்கின்றது. பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் 1934இற் பிறந்து, தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். 2022இல் அவர் மறையும் வரை எழுதிய எழுத்து, மலையக மனிதரை இரக்கத்துக்குரிய பொருளாக அன்றி, நம் பக்கத்து லயனில் வாழும் அறிவும் குறும்பும் உள்ள மனிதராகவே காட்டியது. ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் அவரது நாவலையும், ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதியையும் படித்தவர் இதனை அறிவர். ‘பரதேசி’ வெளிவந்த அதே 2013ஆம் ஆண்டில், ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் வாயிலாய் உள்ள கோயம்புத்தூரில் அவருக்கு விஷ்ணுபுரம் இலக்கிய விருது வழங்கப் பெற்றது. அப்படத்தைப் பற்றிப் பேசிய நம்மவருள் எத்தனை பேர் அவ்விருதைப் பற்றிப் பேசினர்?

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று செயல்களை நம் பழைய மாணவர் சங்கத்தின் முன் வைக்கின்றோம். கல்லூரி நூலகத்தில் ‘எரியும் பனிக்காடு’ம் ஜோசப்பின் நூல்களும் மாணவர் கைக்கு எட்டும்படி வைத்தல் வேண்டும், படத்தையும் திரையிடலாம், ஆனால் நூலைப் படித்த பின்னர். தமிழ்நாட்டு மலைகளுக்குச் செல்லும் ஒவ்வொரு சுற்றுலாவிலும் ஒரு நாளையேனும் கூடலூர், கோத்தகிரி லயன்களுக்கு ஒதுக்கி, இங்குள்ளோர் தரும் பெயர்களோடு சென்று விசாரித்தல் வேண்டும். மடுல்சீமை முதல் அல்துமுல்லை வரை உள்ள தோட்டங்களில் எண்பதைக் கடந்தோரிடம் நம் மாணவர் சென்று, அவர் கூறுவதைக் கூறியபடியே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

இக்கடைசிச் செயல் தாமதத்துக்கு இடந்தராதது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. ஆளோடு கடிதமும் நிழற்படமும் பிறப்புச் சான்றும் மண்ணுட் போயின. மலை சரிந்தாலன்றி முதுமையாலும் அவை நாள்தோறும் போகின்றன. பிறர் எடுத்த படம் நம் கதையைச் சிதைத்தது என்று வருந்துவது நியாயமே. ஆயினும் நம் கதை நம்மால் எழுதப்பட்டு ஏட்டில் இருந்தாலன்றோ, சிதைந்தது எது, நிலைத்தது எது என்று நாளைய பிள்ளைகள் ஒப்பிட்டுக் காண இயலும்? அடுத்த விடுமுறைக்கு முன்னரே இப்பணியைத் தொடங்குவோமாக.