அவளுக்குத் தெரியாத கணக்கு

"என் வீட்டில் அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது சார். பாங்க், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன்."

காலை நடையிலும் கோயில் பிராகாரத்திலும் கல்யாணப் பந்தியிலும் இந்தப் பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். மனைவியைக் கண் கலங்காமல் வைத்திருக்கிறோம் என்ற நிறைவு அது. அந்த நிறைவைக் கெடுக்க எனக்கு ஆசை இல்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இது பெருமைப்படும் விஷயமே இல்லை. அந்த அம்மாளுக்கு நாம் சேர்த்து வைக்கும் கஷ்டம்.

ஏன் என்று கேட்பீர்கள். நான் வங்கியில் 36 வருடம் குப்பை கொட்டியவன். பெரும்பாலும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிளைகளில். கணவர் காலமாகி ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து வரும் பெண்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். வீட்டில் கிடைத்த காகிதமெல்லாம் அதற்குள் இருக்கும். எப்போதோ முடிந்துபோன டெபாசிட் ரசீது, பழைய நகைக்கடன் சீட்டு, தீர்ந்துபோன செக் புத்தகம், ரேஷன் கார்டு, மின்சார அட்டை. எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள்.

"ஐயா வேறு எங்கேயாவது பணம் போட்டிருக்கிறாரா அம்மா?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. எல்லாம் அவருதான் பார்ப்பாரு" என்பார்கள்.

கவனியுங்கள். அவர் பெருமையாகச் சொன்ன அதே வார்த்தைதான் இது. இப்போது அது கண்ணீரோடு வருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் தலைமுறையில் கணவனுக்கும் மனைவிக்கும் ஐந்து, ஆறு வயது வித்தியாசம் சர்வ சாதாரணம். பொதுவாகப் பெண்களின் ஆயுள் ஆண்களைவிடச் சில வருடங்கள் அதிகம். இரண்டையும் கூட்டினால், நாம் போன பிறகு நம் மனைவி எட்டு, பத்து வருடம் தனியாக இருக்கும் வாய்ப்புதான் அதிகம். இதைச் சொன்னால் "வாயில் நல்ல வார்த்தையே வராதா?" என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். இது அபசகுனம் இல்லை ஐயா, ஆரம்பப் பள்ளிக் கூட்டல் கணக்கு.

என் அம்மா மூன்றாம் வகுப்புதான். ஆனால் என் அப்பா தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையார் சுழி போட்டுக் கணக்கு எழுதுவார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். "பால்காரனுக்கு நாலு ரூபா. செட்டியார் கடைக்குப் பன்னிரண்டு. மாமாவுக்குக் கொடுக்கவேண்டியதில் ஐம்பது கழிஞ்சது." அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்குக் கறிகாய் நறுக்கிக்கொண்டு இருப்பாள். காதில் வாங்குகிறாளா இல்லையா என்றே தெரியாது.

அப்பா போன மூன்றாம் மாதம், உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு புரோநோட்டைக் கொண்டுவந்து, அப்பா முந்நூறு ரூபாய் தரவேண்டும் என்றார். பெரியப்பா உட்பட ஆண்கள் எல்லாரும் திகைத்துப்போய் நின்றார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் இருந்தபடியே, "அது போன வருஷம் தை மாசமே கொடுத்தாச்சே. ட்ரங்குப் பெட்டியிலே அடியிலே பார், ரசீது இருக்கும்" என்றாள். இருந்தது. வந்தவர், ஞாபகப் பிசகு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த முந்நூறு ரூபாய் அன்றைக்கு எங்களுக்குப் பெரிய தொகை. அதைக் காப்பாற்றியது அம்மாவின் படிப்பு இல்லை. அப்பா வாய்விட்டுச் சொன்ன பழக்கம்தான்.

இன்று நம் வீட்டுப் பெண்களில் பலர் பட்டம் வாங்கியவர்கள். ஆனால் பல வீடுகளில் என் அம்மாவுக்குத் தெரிந்த அளவுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை. காரணம், யாரும் மறைக்கிறார்கள் என்பதில்லை. பணம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. முன்பெல்லாம் பாஸ்புக் அலமாரியில் இருந்தது. பத்திரம் பெட்டியில் இருந்தது. போஸ்ட்மேன் மணியார்டர் கொண்டுவந்தால் தெருவுக்கே தெரியும். இப்போது எல்லாம் ஒரு செல்போனுக்குள் இருக்கிறது. அந்தச் செல்போன் அவர் விரல் ரேகைக்குத்தான் திறக்கும். அவர் போய்விட்டால் ஃபோனும் பூட்டிக்கொள்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பரும் போகிறது. ஓடிபி எங்கே வரும்?

ஆகவே நம் வயதுக்காரர்கள் செய்யவேண்டியவை சில உண்டு. வங்கிக்காரன் என்ற முறையில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வங்கிக் கணக்கு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் 'எய்தர் ஆர் சர்வைவர்' என்ற முறையில் இருப்பது நல்லது. இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் எடுக்கலாம். பென்ஷன் கணக்கைத் தனிப் பெயரில்தான் வைக்கவேண்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் மனைவியோடு கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். பின்னால் குடும்ப ஓய்வூதியமும் அதே கணக்கிலேயே வரும்.

அடுத்தது நாமினி. போட்டிருக்கிறோமா என்று ஒவ்வொரு டெபாசிட்டிலும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டு, அந்த அம்மா போய் இருபது வருடம் ஆகியும் மாற்றாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாமினி என்பவர் வங்கியிலிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரிமை உள்ளவர். அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும்.

பத்து வருடம் யாரும் கேட்காமல் கிடக்கும் டெபாசிட், ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய ஒரு தனி நிதிக்குப் போய்விடுகிறது. அப்படிப் போனாலும் உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும். தேடிப் பார்க்க 2023-ல் 'உத்கம்' என்று ஒரு இணையதளம்கூட வந்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாத மனைவி எதைத் தேடுவாள்?

பென்ஷன் விஷயத்தை மனைவியிடம் விவரமாகச் சொல்லவேண்டும். பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை எங்கே இருக்கிறது, அதில் அவள் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். எவ்வளவு வரும் என்பதையும் சொல்லுங்கள். மத்திய அரசு ஊழியருக்கு முழு ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். அதாவது அடிப்படை ஓய்வூதியம் 30,000 ரூபாய் என்றால் மனைவிக்கு அடிப்படையாக 18,000 ரூபாய். ஆரம்பத்தில் சில வருடங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் விதி ஒன்று உண்டு, எல்லாருக்கும் பொருந்தாது. அகவிலைப்படியும் அடிப்படைக்கு ஏற்பத்தான் வரும். ஆள் ஒன்று குறைந்தால் வீட்டு வரி குறையாது, மருந்துச் செலவும் குறையாது. இந்தக் கணக்கை அவள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பிறகு வீடு. "அவர் கட்டிய வீடு, அவருக்குப் பிறகு எனக்குத்தானே" என்று பெரும்பாலான பெண்கள் நம்புகிறார்கள். கணவர்களும் அப்படியே நம்புகிறார்கள். அப்படி இல்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாயார் எல்லாருக்கும் சமபங்கு. மூன்று பிள்ளைகள் இருந்தால், தாயார் இல்லாத பட்சத்தில், மனைவிக்கு நாலில் ஒரு பங்குதான். நாற்பது வருடம் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்ட வீட்டில் நாலில் ஒரு பங்கு. பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அவர்கள் கையெழுத்துப் போடாமல் அவளால் அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

இதற்கு உயில் ஒரு நல்ல வழி. முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சொத்தில் பங்கு பெறாத ஆட்களைச் சாட்சியாக வையுங்கள். மனதை மாற்றிக்கொண்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம்.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் மூன்று பதில் சொல்கிறார்கள்.

ஒன்று, "அவளுக்கு இதெல்லாம் புரியாது." ஐந்து பேருக்குச் சமைக்கிற வீட்டில் மாதம் எத்தனை கிலோ துவரம்பருப்பு, எத்தனை லிட்டர் எண்ணெய் என்று கணக்குத் தவறாமல் நாற்பது வருடம் ஓட்டியவளுக்கு ஒரு பாஸ்புக் புரியாதா? சொல்லிக்கொடுக்கப் பொறுமை இல்லை என்பதுதான் உண்மை.

இரண்டு, "பையன் பார்த்துக்கொள்வான்." பார்த்துக்கொள்வான்தான். ஆனால் அவன் இருப்பது பெங்களூரிலோ டல்லாஸிலோ. மேலும், மகன் நல்லவன் என்பதாலேயே அம்மா ஒவ்வொரு செலவுக்கும் அவனிடம் கேட்டு நிற்கவேண்டும் என்பது நியாயமா? கோயில் உண்டியலில் நூறு ரூபாய் போடக்கூட யோசிக்கும் நிலைக்கு அவள் வரக்கூடாது. பணத்தைவிடவும் இதில் போவது அவளுடைய மரியாதை.

மூன்று, "சாவைப் பற்றிப் பேசினால் அவள் அழுகிறாள்." அழத்தான் செய்வாள். என் வீட்டிலும் முதல் நாள் அதுதான் நடந்தது. "இப்ப எதுக்குங்க இந்தப் பேச்சு?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் பேச்சை மாற்றினேன். "நான் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தால் நீ பணம் கட்டவேண்டாமா?" என்றேன். அது அவளுக்குச் சரியாகப் பட்டது. வந்து உட்கார்ந்தாள். சாவைச் சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க முடியும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அரை மணி நேரம் வைத்துக்கொண்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த வங்கி, என்ன தேதியில் முதிர்வு, லாக்கர் சாவி எங்கே, யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யார் தரவேண்டும் எல்லாம் அவள் கையெழுத்திலேயே எழுதச் சொன்னேன். பின் நம்பரையும் பாஸ்வேர்டையும் மட்டும் அதில் எழுதவில்லை. ஏடிஎம் மெஷினுக்கு அவளே போகிறாள், நான் வெளியில் நிற்கிறேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நோட்டை என் பக்கம் தள்ளி, "இப்ப நீங்க எழுதுங்க" என்றாள். உப்பு, புளி எங்கே என்பதில் ஆரம்பித்தாள். குக்கருக்கு எத்தனை விசில், பெரிய பேத்திக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள், எந்தச் சித்தி வீட்டோடு என்ன மனஸ்தாபம், அதை யார் போய்ச் சரிசெய்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். எழுத எழுதப் பக்கம் போதவில்லை.

மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு நிற்கும் ஆண்களையும் நாம் பார்க்கிறோம். கையில் பணம் இருக்கும், ஆனால் ஒரு டம்ளர் காபி போடத் தெரியாது. எந்த உறவுக்கு எப்போது ஃபோன் செய்யவேண்டும் என்று தெரியாது. இரண்டே வருடத்தில் வீட்டுக்கு யாரும் வருவது நின்றுபோகும். ஆகவே சொல்லிக்கொடுக்கும் வேலை இருவருக்கும் உண்டு.

வரும் ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து, இருவருமாக உட்காருங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் முடிக்கவேண்டாம். பாஸ்புக் ஒன்று, பி.பி.ஓ. ஒன்று போதும். இதைப் படிக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. அவராகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே கேளுங்கள். கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.