காமாலைக் குழந்தைக்குப் பட்டினியா மருந்து?



நமது அலங்காநல்லூர் வட்டாரத்தில் கைக்குழந்தைக்குக் கண் மஞ்சளானால் என்ன செய்கிறார்கள்? தாயத்து கட்டுகிறார்கள். கீழாநெல்லி அரைக்கிறார்கள். கூடவே பத்தியம்! எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, மீன் கூடவே கூடாது.

பெரியவர்களுக்கு வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கும். பெயர் பத்தியத்துக்குப் போய்விடுகிறது. பித்தக்குழாய் அடைபட்ட சிசுவின் நிலை வேறு. பித்தநீர் குடலுக்கு வராததால் சாதாரணக் கொழுப்பு சேராது. ஏ, டி, இ, கே வைட்டமின்களும் சேராது. 'கே' குறைந்தால் மூளையில்கூட இரத்தம் கசியலாம். இப்படி ஈரல் கெட்ட குழந்தைக்கு மற்ற குழந்தைகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உணவுச் சக்தி தேவை. அதன் வாயைத்தான் நாம் கட்டுகிறோம்!

நோயாளி ரமளான் நோன்பையே தள்ளி வைக்கலாம் என்று சொன்ன மார்க்கம் நம்முடையது. பச்சைப் பிள்ளையைப் பட்டினி போட யார் ஃபத்வா கொடுத்தது?

'நன்றாகக் கொழுத்துத்தானே இருக்கிறான்' என்பார்கள். வீங்கிய ஈரலும் வயிற்றில் தேங்கிய நீரும் எடையைக் கூட்டிக் காட்டும். ஆகவேதான் மருத்துவர்கள் தராசை மட்டும் நம்பாமல் மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளக்கிறார்கள். வியாபாரிகளுக்கு இது புரியும்: நனைந்த மூட்டையும் எடை காட்டும்.

பித்தநீர் இல்லாமலே உடலில் சேரும் ஒருவகைக் கொழுப்பு தேங்காய் எண்ணெயில் இருக்கிறது. நம் கடைகளில் டின் டின்னாக அடுக்கி வைத்திருப்பதைத்தான் பத்தியம் என்று ஒதுக்குகிறோம்! எந்த வயதில், எவ்வளவு, எப்படி என்பதை மருத்துவர் சொல்லட்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாமாக எதையும் புகட்டக் கூடாது. சோறு தின்னும் பிள்ளைக்குப் பருப்பையும் முட்டையையும் நாமாக நிறுத்தவும் கூடாது. குடிக்க முடியாத குழந்தைக்கு மூக்கு வழியே குழாய் விட்டுப் பால் கொடுத்தால் பதற வேண்டாம். அதுவும் வைத்தியம்தான்.

1998-இல் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு டெல்லி அப்போலோவில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரே ஆகிவிட்டார். அத்தகைய அறுவைச் சிகிச்சையைத் தாங்குவதற்கும் உடலில் தெம்பு வேண்டும்.

பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் போகவில்லையா? மலம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறதா? மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். அடைப்பைச் சரிசெய்யும் அறுவைக்கு முதல் 60 நாட்களே நல்ல காலம். இளைஞர்களே, நாற்பதாம் நாள் விருந்துக்குப் போகும் வீட்டில் பிள்ளையின் கண் மஞ்சளாக இருந்தால் வெட்கப்படாமல் மலத்தின் நிறத்தைக் கேளுங்கள். அன்றைக்கு மிச்சம் இருப்பது 20 நாள்தான்.