கொப்புளம் ஆறிவிடும், குழந்தை தண்ணீர் குடிக்கிறதா?

2022 மே மாதம் கேரளத்தின் கொல்லம் பகுதியில் சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சலும் சிவந்த கொப்புளங்களும் பரவின. 'தக்காளிக் காய்ச்சல்' என்ற பெயர் அதற்குள் தமிழக எல்லையில் உள்ள வாளையாறு தாண்டிவிட்டது. அங்கே மருத்துவக் குழு நின்று, வண்டிகளில் வந்தவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தது. கேரளம் வந்து திரும்பிய பிரிட்டன் குழந்தைகள் இருவரைப் பரிசோதித்தபோது தெரியவந்தது காக்சாக்கி ஏ16 என்ற வைரஸ். கை, கால், வாய் நோய் என்று குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவரும் அதே நோய்தான்.

பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும். ஏழு முதல் பத்து நாளில் தானாகவே போய்விடும். ஆனாலும் மழலையர் பள்ளியில் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் போதும், "ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்ற குரல் கிளினிக்கில் கேட்கிறது. கேட்டார்களே என்பதற்காக ஆன்டிபயாடிக் எழுதித் தருவது தவறு. வைரஸை அது தொடாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கி, உடம்பில் இருக்கும் கொஞ்ச நீரையும் வெளியேற்றக்கூடும்.

இந்த நோயில் நீர்தான் பிரச்சினையே. தோலில் தெரியும் கொப்புளத்தைப் பார்த்து வீடு கலங்குகிறது. குழந்தையை வாட்டுவதோ வாய்க்குள் இருக்கும் புண். விழுங்கினால் எரிவதால் பால்கூட வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து, வலி தணிந்த நேரத்தில் ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்ட வேண்டும். "காய்ச்சல்ல மோரா?" என்று பாட்டி தடுப்பார். ஆனால் குளிர்ச்சி புண்ணுக்கு இதம். புளிக்காத மோர், இளநீர், ஆறிய கஞ்சி எல்லாமே கொடுக்கலாம். எலுமிச்சைச் சாறும் ரசமும்தான் எரியும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

மருந்தில் ஓர் எச்சரிக்கை. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமிலும் கிடைக்கிறது, 250 மில்லிகிராமிலும் கிடைக்கிறது. 'ஒரு மூடி' என்று மட்டும் நினைவில் வைத்திருக்கும் வீட்டில் பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். குழந்தை துவண்டு கிடந்தாலும், தூக்கத்தில் திடுக்திடுக்கென அதிர்ந்தாலும், வலிப்பு வந்தாலும், மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் நீடித்தாலும் அப்படித்தான். மழைக்காலத்தில் டெங்குவுக்கும் தடிப்பு வரும். அதில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். அதனால் வீட்டிலேயே நோயின் பெயரை முடிவுசெய்துகொள்ளாமல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இவ்வளவையும் சொல்ல மருத்துவருக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் மருந்துச்சீட்டைவிடப் பயனுள்ளது. கொப்புளம் காய்ந்த பிறகும் மலத்தில் வைரஸ் சில வாரங்கள் வெளியேறும் என்பதையும், டயப்பர் மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். சில குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் நகம் கழன்று விழும். வலிக்காது, புது நகம் முளைத்துவிடும். முன்கூட்டியே தெரிந்திருந்தால், தாய் பதறியடித்துக்கொண்டு இன்னொரு முறை கிளினிக்கில் வந்து காத்திருக்க வேண்டியதில்லை.