எலும்புப் படம் காட்டாத இடர்

காலோ கையோ முறிந்தால் முதலில் எக்ஸ்-ரே எடுக்கின்றனர். எலும்பு நேராகப் பொருந்திவிட்டது என்று மருத்துவர் கூறியதும் வீட்டார் கவலை தீர்ந்ததென எண்ணுவதை, நோயாளரைச் சந்திக்கச் செல்லும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆனால், வாசக அன்பர்களே, சில வேளைகளில் இடர் எலும்பில் இல்லை. அதனைச் சூழ்ந்த தசையில் மறைந்திருக்கின்றது.

முழங்காலுக்குக் கீழும் முன்கையிலும் தசைகள் எளிதில் விரியாத உறைகளுக்குள் அறை அறையாக அமைந்துள்ளன. அடிபட்ட தசை வீங்கினாலோ உள்ளே இரத்தம் கசிந்தாலோ அறையின் அழுத்தம் ஏறி, நுண்ணிய குழாய்களில் குருதியோட்டம் தடைப்படுகின்றது. ஏறத்தாழ 6 மணி நேரம் இந்நிலை நீடித்தால் தசை மடியத் தொடங்கும். கட்டினை அளவுக்கு மீறி இறுக்கினாலும் இதே விளைவுதான். அவ்வாறு விரல்கள் மடங்கி விறைத்துப்போகும் ஊனத்தை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே விவரித்தார்.

இதனை உறுதிசெய்ய மருத்துவர்கள் தசைக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளக்கின்றனர். ஐயம் வலுத்தால் உறையை நீளமாகக் கீறித் திறந்துவிடுகின்றனர். தேவையின்றிக் கீறினால் பெரும்புண். தேவைப்பட்டும் கீறாவிடின் உறுப்பே பாழ். நினைவிழந்து கிடப்பவரோ வலியையும் எடுத்துரைக்க இயலார்.

கீறாமலும் குத்தாமலும் உள்நிலையை அறிய நுண்ணலைகள் துணைசெய்யுமா என்று அறிஞர் ஆராய்கின்றனர். மைக்ரோவேவ் அடுப்பில் உணவைச் சூடாக்கும் அலையினம்தான் இது. இங்கோ அதன் ஆற்றல் மிகமிகச் சிறிது. உடல் வேகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நீர் மிகுந்த தசையும் குருதியும் இவ்வலைகளை ஒருவிதமாகவும், நீர் குறைந்த கொழுப்பும் எலும்பும் வேறுவிதமாகவும் தாக்குகின்றன. உறுப்பைச் சுற்றி ஆன்டெனாக்களை அமைத்து, ஒன்று அனுப்பும் அலையை ஏனையவை பெற்றுக்கொள்ளச் செய்தால், இடையே குருதி தேங்கிய இடம் அலையின் மாற்றத்தால் புலப்படக்கூடும்.

சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் இத்துறையில் முன்னணியில் உள்ளனர். மூளையில் இரத்தக் கசிவை இம்முறையில் கண்டறிவது பற்றி 2014-இல் ஆய்வு வெளியிட்ட அவர்கள், பின்னர்த் தசைக் கிழிவையும் ஆராயலாயினர். அலைகள் உடலின் மேற்பரப்பைச் சுற்றி வந்து கணக்கைக் குழப்புவது பெருந்தொல்லை. அதனை அடக்க ஒருவகைக் கூழ்ப்பொருளை இடையே வைத்துப் பார்த்தனர்.

ஆயினும் இம்முறை இன்னும் ஆய்வுக்கூடத்தைப் பெரிதும் தாண்டவில்லை. மேலும், இது நோயை அறிய உதவுமேயன்றி, முற்றிய அழுத்தத்தை இறக்க உறையைக் கீறத்தான் வேண்டும். சில செய்திகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. எனவே, கட்டுப் போட்டபின் காயத்திற்கு மிஞ்சிய வலி தோன்றினாலோ, விரல்களை நீட்டும்போது வலி பெருகினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் விரைக. நாடி துடிக்கின்றதே என்று தேறியிருத்தலும் தகாது. இந்நிலையில் நாடி நெடுநேரம் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.